என் அம்மா செத்த வீடு

பழைய வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று போனில் கேட்டேன். சித்தப்பா திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "எந்த வக்கீலு ஒனக்குச் சொல்லிக் குடுத்தான்?" என்பதுதான். சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், ஒரு வார்த்தை கிடையாது. என் அப்பாவுடன் கூடப்பிறந்த ஒரே தம்பி அவர்.

"வக்கீலும் இல்ல, கிக்கீலும் இல்ல சித்தப்பா. பொண்ணுக்கு வைகாசியில கல்யாணம் வச்சிருக்குது. அம்மாவ அழைக்கணும். அதுக்கு அந்த வூட்டுக் கெணத்துத் தண்ணி வேணும். வூடு எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

"ஒங்கம்மாவ அழைக்கறதுக்கு நாங்க இருக்கோம். நீ கட்டிக்குடுத்த பொண்ணு. ஒனக்கு அதுல என்னா வேல?"

போனை வைத்துவிட்டார். கையிலிருந்த போனைச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது. அது பெண் வாங்கிக் கொடுத்த போன் என்பதால் அடிக்கவில்லை.

எங்கள் ஆட்களில், புருஷன் உயிரோடு இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போய்ச்சேருகிற பெண் சாமியாகிவிடுவாள். பூவாடைக்காரி என்போம். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். அவள் குடித்துப் புழங்கிய கிணற்றில் தண்ணீர் மொண்டு, பூவும் மஞ்சளும் போட்டு, அழைக்கிறவர் தான் இன்னார், அவளுக்கு இன்ன உறவு என்று வாய்விட்டுச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவள் அந்தத் தண்ணீரில் ஏறி வீட்டுக்கு வருவாள். புதுப்புடவை வைத்து அவளுக்குப் படைத்த பிறகுதான் பந்தக்கால் நடுவார்கள். யார் என்று சொல்லாமல் கூப்பிட்டால் வரமாட்டாள். வேறு தண்ணீரில் கூப்பிட்டாலும் வரமாட்டாள்.

என் அம்மா என்னைப் பெற்ற வாரத்திலேயே ஜன்னி கண்டு செத்துப்போனாள். அப்பாவைப் பெற்ற கிழவி, "தாயை முழுங்கிட்டு வந்திருக்குது" என்று என்னைப் பார்த்துச் சொன்னாளாம். பச்சைப் பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? மங்கலம்பேட்டையிலிருந்து சாவுக்கு வந்திருந்த என் தாய்மாமன் அதைக் கேட்டுவிட்டு, அங்கேயே ஒரு துண்டில் என்னைச் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டை நான் பார்த்ததே கிடையாது. அப்பா எப்போதாவது ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். நான் ஒண்ணாவது படிக்கும்போது அவரும் லாரியில் அடிபட்டுப் போனார். உடனே சித்தப்பா வீட்டை விற்றுவிட்டுச் சேத்தியாத்தோப்புப் பக்கம் நிலம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாமாவிடம் கேட்டால், "அந்த வூட்டுப் பேச்ச எடுக்காத" என்பார். அவரும் போய்விட்டார்.

நான் கல்யாணமாகி வந்தது இதே விருத்தாசலத்துக்கு. அதுதான் வேடிக்கை. பியூஸ் கட்டைக்குப் பூச்சு போடுகிற வேலை பார்த்துக்கொண்டு, பீங்கான் கம்பெனிகளுக்கு நடுவிலேயே கிழவியாகிக்கொண்டு வருகிறேன். என் அம்மா செத்த வீடு இந்த ஊரில்தான் எங்கேயோ இருந்தது. எங்கே என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் கேட்டு நச்சரிக்கவில்லை, ஏனென்றால் சித்தப்பா வீட்டில் அம்மாவைச் சாமியாக வைத்து அழைக்கிற விஷயமே எனக்குத் தெரியாது.

அது தெரிந்தது சித்தப்பா மகன் கல்யாணத்தில். ஊருக்கெல்லாம் வைத்ததுபோல எனக்கும் ஒரு பத்திரிகை வைத்தார்கள். நான்தான் வேலைக்கு ஆகட்டுமே என்று முதல் நாளே சேத்தியாத்தோப்புக்குப் போய் இறங்கினேன். என்னைப் பார்த்ததும் சித்தி முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. நடுக்கூடத்தில் ஒரு குடம், அதன் மேல் மடித்த பட்டுப்புடவை, பக்கத்தில் விளக்கு. பம்பை அடிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் சித்திக்கு ஆட்டம் வந்துவிட்டது. தலையை விரித்துப் போட்டு, "வந்துட்டேன்டா, எம் புள்ளைங்களா" என்றாள். எல்லோரும் காலில் விழுந்தார்கள். யார் வந்திருப்பது என்று பக்கத்திலிருந்த பெண்ணைக் கேட்டேன். "தெரியாதா? இவங்க வூட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. இந்தக் குடும்பத்துப் பூவாடைக்காரி" என்றாள்.

என் அம்மா. நானும் போய் வரிசையில் நின்றேன். சித்தி ஒவ்வொருத்தர் நெற்றியாகத் திருநீறு பூசிக்கொண்டு வந்தாள். எனக்கு முன்னால் இருந்தவளுக்குப் பூசினாள். என்னைத் தாண்டி, எனக்கு அடுத்து நின்றவளுக்குப் பூசினாள்.

அது நடிப்பா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நடிப்பென்றால் என் கோபம் சித்தி மேல். நிஜமென்றால் அம்மா மேல். இரண்டில் எது என்று தெரியாமல் இத்தனை காலம் இரண்டு பேர் மேலும் கோபத்தை வைத்துக்கொண்டு திரிந்தேன். என் பெண்ணுக்குக் கல்யாணம் கூடியதும் முடிவு செய்தேன். இந்தத் தடவை என் அம்மாவை நானே அழைப்பேன். என் வாசலுக்கு வரட்டும். வந்து என்னைத் தாண்டிப் போகிறாளா என்று பார்க்கிறேன்.

என் பெண் புதுச்சேரியில் வேலை பார்க்கிறவள். எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி வைத்திருப்பாள். "தண்ணி தண்ணிதானேம்மா? நம்ம வூட்டு போர் தண்ணியில கூப்புடு."

"அவ இந்த வூட்டுக்கு வந்ததே இல்லடி. வழி தெரியாது."

"சாமிக்கு வழி தெரியாதா?"

"ஒங்க ஆயாவுக்குத் தெரியாது. வாய மூடு."

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "விட்டுத்தொலையேன்" என்றார். அவர் எதையும் விட்டுத்தொலைக்கிற மனுஷர். அதனால்தான் இந்தக் குடும்பத்தில் எதையும் பிடித்துக்கொள்கிற வேலை என் தலையில் விடிந்தது.

மறுநாள் சித்தப்பாவே கூப்பிட்டார். குரலில் சர்க்கரை. "நேத்து ஏதோ கோவத்துல பேசிட்டன். கோயிலுக்குப் பின்னால இருக்குற தெருதான். இப்ப அங்க அரிசி மண்டி வச்சிருக்காங்க. போய்ப் பாரு" என்றார். நம்பினேன். அந்த ஆளைப் பற்றித் தெரிந்தும் நம்பினேன் பாருங்கள், என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். தலைக்கு ஊற்றிக்கொண்டு, பித்தளைச் சொம்பு எடுத்துக்கொண்டு, பூவும் மஞ்சளுமாகப் போய் நின்றேன். மண்டிக்காரர் என்னையும் சொம்பையும் பார்த்தார்.

"இது எங்க பாட்டன் சொத்தும்மா. நாங்க யாருகிட்டயும் வாங்கல. கெணறே கெடையாது இங்க."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. பின்னால மூடியிருப்பீங்க."

"யோசிக்கறதுக்கு என்னா இருக்குது? போன மாசம் ஒருத்தன் வந்து இங்க சித்தர் சமாதி இருக்குதுன்னான். இப்ப நீங்க கெணறுங்கறீங்க. நாளைக்கு இன்னொருத்தன் ஆறு ஓடுதும்பான். யாவாரத்தப் பாக்கவுடுங்க."

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். ஒருத்தன், "சொம்போட வந்திருக்காங்கண்ணே, ஒரு படி அரிசியாச்சும் போட்டு அனுப்புங்க" என்றான். அங்கிருந்தே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். சித்திதான் எடுத்தாள். "அவரு தூங்குறாரு" என்றாள். காலைப் பத்து மணிக்குத் தூக்கம். சொம்பை மூட்டைக்காரன் மண்டையில் போடாமல் வந்ததே பெரிய விஷயம்.

அதற்கு மேல் எனக்கு இருந்தது மங்கலம்பேட்டையில் அத்தை ஒருத்திதான், மாமாவின் பெண்டாட்டி. என்னை வளர்த்தவள். வளர்த்த பாசம் இருக்கிறது, ஆனால் அதை வெளியே காட்டினால் நாக்கு அழுகிவிடும் என்று நினைக்கிறவள். பஸ் பிடித்துப் போனேன். விஷயத்தைச் சொன்னதும், "சோத்துக்கு வழியில்லாதவளா நீ? அந்த வூட்டுத் தண்ணிக்கு எதுக்கு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையற?" என்றாள்.

"எங்கம்மாவ அழைக்கணும் அத்த."

"ஒங்க மாமா அந்த வாசல்ல காறித் துப்பிட்டு வந்தவரு. அத்தோட அது முடிஞ்சுபோச்சு."

"அவரு துப்புனது சரி. எந்த வாசல்ல துப்புனாருன்னு சொல்லு."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகவும் என்னைத் திட்டினாள். பிறகு சொன்னாள். "தெரு பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? ஒங்கம்மா வளகாப்புக்கு ஒருதடவ வந்தேன். ஸ்டேஷன்லேருந்து நடந்துதான் போனோம். வூட்டுக்குப் பின்னால சுவரு, சுவத்துக்கு அந்தாண்ட பீங்கான் கம்பெனி. மண்ணு கரைச்சுக் கழுவுற தொட்டி சுவத்த ஒட்டியே இருந்துச்சு. அந்தத் தண்ணி எறங்கி எறங்கிக் கெணத்துத் தண்ணியே கஞ்சித்தண்ணி மாதிரி இருக்கும். ஒங்கம்மாவால அத வாயில வைக்க முடியாது. மொகத்தச் சுளிச்சா. அதுக்கும் ஒங்கப்பாவப் பெத்தவ, மகாராணிக்கு எளநீ வேணுமோன்னு பேசுனா. புள்ளத்தாச்சிப் பொண்ண."

அந்தக் கிழவி எப்போதோ செத்துவிட்டாள். ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளை மனசுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி என் வாய் அசைவதைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தாள்.

கஞ்சித் தண்ணீர் என்றதும் எனக்கு ஒரு வழி கிடைத்தது. இப்போதெல்லாம் கம்பெனிகளுக்கு மண் மாவாக மூட்டையில் வந்து இறங்குகிறது. சொந்தமாகத் தொட்டி கட்டி மண் கழுவியவை பழைய கம்பெனிகள்தான். அதிலும் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தவை கொஞ்சம். அதில் ஒன்றின் முதுகுப் பக்கம் வீடுகள் ஒட்டிக்கொண்டு ஒரு தெரு போகும். பஸ் பிடிக்க எத்தனையோ தடவை அந்தத் தெரு வழியாகப் போயிருக்கிறேன்.

சொம்பையும் பூ மஞ்சளையும் பையில் போட்டுக்கொண்டு, கத்திரி வெயிலில் அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறினேன். நாய்தான் பரவாயில்லை, ஒரு தடவை குரைத்துவிட்டு நிழலில் படுத்துக்கொண்டது. மனுஷர்கள் விடவில்லை. ஒரு வீட்டில் மகளிர் குழுத் தவணை வசூலுக்கு வந்தவள் என்று நினைத்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் ஆக்கிரமிப்பு அளக்க வந்தவள் என்று நினைத்து, "எங்க தெருவுல அளக்கணும்னா மொதல்ல எதிர்சாரியில அளங்க" என்றார்கள். நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் வெள்ளையாக இருக்குமா? அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் இத்தனை கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது.

"யாரு சொன்னா வெள்ளையா இருக்குதுன்னு?" என்று ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "மாடிய வாடகைக்கு வுடப்போறோம். நீ பாட்டுக்குத் தண்ணி சரியில்லன்னு கெளப்பிவுட்டுப் போயிடாத. எங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். கஞ்சித்தண்ணி வேணும்னா அதோ, கடைசி வூடு, பச்ச கேட்டு, அங்க போய்க் கேளு. அவங்க வூட்டுலதான் துணி தொவச்சாக்கூட அழுக்கு போவாது."

பக்கத்து வீட்டுக்காரியைக் கவிழ்க்க வேண்டும் என்கிற ஆசை மட்டும் இல்லையென்றால் எனக்கு அந்த வீடு கிடைத்தே இருக்காது. அவள் நன்றாக இருக்கட்டும்.

பச்சை கேட்டுக்குப் பின்னால் முன்பக்கம் புதிதாகக் கட்டிய மாடி வீடு. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பார்த்தால் பின்னால் ஓடு போட்ட பழைய கட்டு ஒன்று இடிக்காமல் நின்றது. அதற்குப் பின்னால் கம்பெனிச் சுவர். நான் பிறந்த இடத்தை முதல் தடவையாக, ஐம்பது தாண்டிய வயதில், கேட்டுக் கம்பி வழியாகத் திருடி மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கார அம்மாள் வந்தாள். என் வயதுதான் இருக்கும். "என்னா வேணும்?"

"ஒங்க கெணத்துல ஒரு சொம்பு தண்ணி வேணும்ங்க. பூவாடைக்காரிய அழைக்க."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது. "சேத்தியாத்தோப்பு ஆளுங்களா? வாங்க வாங்க" என்று கேட்டைத் திறந்தாள். "ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அந்தப் பெரியவரு வருவாரு. நல்ல மனுஷரு. எங்க மாமனாருக்கு இந்த வூட்ட வித்தவங்களும் அவங்கதான். அந்தம்மா கதையக்கூடச் சொல்லியிருக்காரு. பாவம், புள்ள கிள்ள இல்லாமலே போய்ச்சேந்துட்டாங்களாமே. அதனாலதான் மத்தவங்க புள்ளைங்கள அப்புடிக் காக்குறாங்கன்னு சொல்லுவாரு."

இப்போது யோசித்தால் தெரிகிறது. ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். சேத்தியாத்தோப்பு என்று சொல்லி, தண்ணீரை மொண்டுகொண்டு, அவள் கொடுத்த மோரையும் குடித்துவிட்டு வந்திருக்கலாம். நான் அப்படிப்பட்டவள் இல்லை.

"புள்ள இல்லாமலா?" என்றேன். "அப்ப நான் யாரு? அவங்க பெத்த மக நான்தான்."

மலர்ந்த முகம் அப்படியே மூடிக்கொண்டது. அவள் திரும்பி, "டேய், இங்க வா" என்று மகனைக் கூப்பிட்டாள். அவள் மகன் முப்பது வயது ஆள், லுங்கியும் போனுமாக வந்தான். அவள் அவன் காதில் சொன்னாள். அவன் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பாவின் பங்கு எனக்கு வந்திருக்க வேண்டிய வீடு இது. அண்ணனுக்கு வாரிசே இல்லை என்று சொல்லித்தான் சித்தப்பா விற்றிருக்கிறார். அந்தப் பொய் நிற்க வேண்டுமென்றால் என் அம்மா மலடியாக வேண்டும். கல்யாணத்துக்குக் கல்யாணம் வந்து, அவளைச் சாமி என்று கும்பிட்டு, அவள் வயிற்றில் பிறந்தவளை இல்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் மொண்டுகொண்டு போயிருக்கிறார்கள். வக்கீல் பேச்சு ஏன் வந்தது என்றும் அப்போதுதான் புரிந்தது.

"இந்த வூட்டுல ஒரு செங்கல்லுகூட எனக்கு வேணாம் தம்பி" என்றேன். "நான் வெறும் தண்ணிக்குத்தான் வந்திருக்கேன். வேணும்னா எழுதித் தரேன்."

அவன் தள்ளிப் போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தான். "எழுதி வாங்கக் கூடாதாம். எழுதி வாங்குனா ஒங்களுக்குப் பங்கு இருந்துச்சுன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம்."

"அப்ப என்னாதான் பண்ணணும்ங்கற?"

"தண்ணி எடுத்துக்குங்க. வேணாம்னு சொல்லல. சாமி காரியம். ஆனா நான் வீடியோ எடுப்பேன். அதுல, இந்த வூட்டுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல, செத்துப்போன அந்தம்மாவுக்கு நான் மக இல்ல, சும்மா வேண்டுதலுக்குத் தண்ணி எடுக்க வந்தேன்னு சொல்லிடுங்க. சொல்லிட்டு எத்தன கொடம் வேணாலும் மொண்டுக்கிட்டுப் போங்க."

வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது. உண்மையாகவே சொல்லத் தயாராகிவிட்டேன். இவன் போனுக்கு ஒரு பொய். போனா தின்றுவிடும்? வீட்டுக்குப் போய்த் தண்ணீரிடம் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. பந்தக்கால் நாளைக்கு. இந்தத் தண்ணீர் இல்லையென்றால் என் பெண்ணுடைய கல்யாணத்துக்கு என் பக்கத்திலிருந்து வர ஒரு ஆள் கிடையாது. அப்பா இல்லை, மாமா இல்லை. செத்துப்போன இவள் ஒருத்திதான்.

"சரி" என்றேன். "தண்ணிய மொண்டுட்டுச் சொல்றேன்."

சந்து வழியாகப் பின்னால் கூட்டிப்போனார்கள். பழைய கட்டின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே வாஷிங் மெஷினும் தேங்காய் மட்டையும் கிடந்தன. அந்த அறையாகத்தான் இருக்கும். கேட்டால் சொல்வதற்கு யாருமில்லை, கேட்கவும் பிடிக்கவில்லை. உறை இறக்கிய சின்னக் கிணறு. மேலே கம்பி வலை போட்டு, ஓரத்தில் ஒரு வாளி போகிற அளவுக்கு மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். நானே இறைத்தேன். தண்ணீர் அத்தை சொன்னது போலவே இருந்தது. அரிசி களைந்த மாதிரி, அடியில் மண் தெரியாமல். சொம்பில் ஊற்றி, பூவையும் மஞ்சளையும் போட்டேன்.

அவன் போனைத் தூக்கிப் பிடித்தான். "ம், சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். சம்பந்தம் இல்லை என்கிற வார்த்தைதான் வர வேண்டும். வரவில்லை. அந்தத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. சேத்தியாத்தோப்பில் வரிசையில் நின்றது நினைவுக்கு வந்தது. ஆளாளுக்கு இவளுக்குப் பிள்ளை இல்லை என்கிறார்கள், நானும் அதையே இவள் முகத்துக்கு நேராகச் சொல்வதா? போனைப் பார்க்கவில்லை. சொம்பைப் பார்த்துச் சொன்னேன்.

"அம்மா. நான் ஒன் வயித்துல பொறந்த மக. ஒன் பேத்திக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். நம்ம வூட்டுக்கு வா. ஒன் மகதான் கூப்புடறேன், வந்துடும்மா."

வீட்டுக்காரி பாய்ந்து வந்து சொம்பைப் பிடுங்கினாள். பிடுங்கின வேகத்தில் அவ்வளவு தண்ணீரையும் என் தலையோடு கொட்டினாள். "போடி வெளிய. தண்ணி குடுத்தா வூட்டயே கேப்ப நீ. இன்னொருதடவ இந்தத் தெருவுல பாத்தன், நடக்குறதே வேற." கையைப் பிடித்துச் சந்து நெடுக இழுத்துக்கொண்டு வந்து வெளியே தள்ளிக் கேட்டைச் சாத்தினாள். சொம்பு உள்ளேயே நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தேன், திறக்கவில்லை. தெருவில் கண்ணாடித் தண்ணீர்க்காரி உள்பட எல்லோரும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

நன்றாகத் திட்டினேன். பச்சை கேட்டைப் பார்த்து, அந்த வீட்டில் பிறந்தவள் என்கிற உரிமையோடு திட்டினேன். திட்டித் தீர்ந்து, முகத்தைத் துடைக்க முந்தானையைத் தூக்கியபோதுதான் எனக்கு அது உறைத்தது. நான் கூப்பிட்ட பிறகுதானே அவள் கொட்டினாள்? நான் யார், என்ன உறவு என்று சொல்லி, முறையாகக் கூப்பிட்ட பிறகு. அப்படியென்றால் அம்மா அந்தத் தண்ணீரில் ஏறிவிட்டாள். இப்போது என் மேல் இருக்கிறாள்.

துடைக்க எடுத்த கையை அப்படியே விட்டேன். அப்போதே பார்த்தேன், தோள்பட்டைப் பக்கம் காய ஆரம்பித்திருந்தது. பாழாய்ப்போன கத்திரி வெயில். நல்ல வேளையாகக் கட்டியிருந்தது நூல் புடவை. முந்தானையையும் நனைந்த மடிப்பையும் சேர்த்துச் சுருட்டி, பிழிந்துவிடாமல் அமுக்கி மடிக்குள் அடக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். கடையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் வாங்கி அதில் பிழிந்துகொள்ளலாம்தான். யார் யாரோ வாய் வைத்துக் குடிக்கிற பாட்டிலில் என் அம்மாவை அடைத்துக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை.

முதலில் வந்த ஆட்டோக்காரன், "ஈரத்தோட ஏறாதீங்க, சீட்டு பாழாயிடும்" என்று போய்விட்டான். அடுத்தவனும் அதையே சொன்னான். "சீட்டுல ஒக்காரல, கீழ ஒக்காந்துக்கறேன். போப்பா" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டேன். ஆட்டோவின் தரையில், காலடியில், மடியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். காற்றில் காய்ந்துவிடாமல் இருக்கப் பக்கத்துத் திரையை இறக்கச் சொன்னேன். "யாராச்சும் செத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டான். வாயை மூடிக்கொண்டு வேகமாக ஓட்டச் சொன்னேன். ரயில்வே கேட் போட்டிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி, இந்த ஊரில் ஓடுகிற கூட்ஸ் வண்டியெல்லாம் சேர்த்து ஒன்றாகக் கோத்த மாதிரி போய்க்கொண்டே இருந்தது. அந்த டிரைவரையும் திட்டினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "சொம்பு எடுத்துட்டு வாடி, சீக்கிரம்" என்று கத்தினேன். என் கோலத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். என் பெண் பூஜைச் சொம்பைக் கழுவி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஏன் எதற்கு என்று அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மடியைப் பிரித்தேன். முந்தானை விளிம்பு காய்ந்து விறைத்துப்போயிருந்தது. உள் சுருட்டில் ஈரம் இருந்தது. சொம்பின் வாய்க்கு நேராகப் பிடித்து, என் கையில் இருந்த பலத்தையெல்லாம் கொடுத்து முறுக்கினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பெண்ணும் ஒரு முனையைப் பிடித்து எதிர்ப்பக்கம் முறுக்கினாள். அப்புறம் சொட்டியது. ஒரு உள்ளங்கை அளவு இருக்கும். கஞ்சி நிறத்தில், கொஞ்சம் புடவைச் சாயமும் கலந்து, ஒரு மல்லிகை இதழோடு.

"இது போதுமாம்மா?" என்றாள் பெண்.

சொம்பை நடுவீட்டில் வைத்து, முன்னால் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன். பிறகு அம்மாவிடம் சொன்னேன்.

"வந்துட்ட இல்ல? இரு. இதான் நம்ம வூடு. இனிமே சேத்தியாத்தோப்புக்காரங்க கூப்புட்டா நீ போவாத. ஒனக்குப் புள்ள இல்லன்னு சொல்லித்தான் கூப்புடுவாங்க. எவ்ளோ நல்ல பொடவ வச்சுக் கூப்புட்டாலும் போவாதம்மா."